மந்திரம் ஓங்கி வாள் மழுங்கும்போது: ஃபேன்டஸி ஆர்பிஜிகளில் சமநிலைக் கோளாறை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

ஃபேன்டஸி ஆர்பிஜி (கதாபாத்திரம் ஒன்றை ஏற்று அதை வளர்த்து ஆடும் விளையாட்டு) ஒன்றை வடிவமைப்பவரிடமும், வெளிவந்த விளையாட்டுக்கு மாட் (ஆடுபவர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றம்) எழுதுபவரிடமும் வந்து சேரும் புகார்களைத் தொகுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். மந்திரவாதி ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்கு வேலையே இல்லை என்பது முதல் வகை. மந்திரம் கற்றதெல்லாம் வீணாயிற்று, வாளையே எடுத்திருக்கலாம் என்பது இரண்டாம் வகை. இரண்டுக்கும் உடனே செய்யப்படும் வைத்தியம் சேத எண்ணைக் கூட்டுவது அல்லது குறைப்பது. அது பெரும்பாலும் பலிப்பதில்லை. ஓரிடத்தில் அமுக்கிய வீக்கம் வேறோர் இடத்தில் எழும்புகிறது.

காரணம், மந்திரத்தையும் ஆயுதத்தையும் பிரித்துக் காட்டுவது அவை விளைவிக்கும் சேதத்தைவிட, அந்தச் சேதத்துக்காக ஆடுபவர் கொடுக்கும் விலைதான். வாள் வீசுபவர் எதிரியின் கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறார், அடி வாங்குகிறார், இலக்கு வரை ஓடுவதில் நேரத்தை இழக்கிறார், வீச்சு தவறும் வாய்ப்பையும் ஏற்கிறார். மந்திரம் ஏவுபவர் மந்திர சக்தியின் கையிருப்பான மானாவையோ, நாளொன்றுக்கு இத்தனை முறைதான் ஏவலாம் என்று அளந்து தரப்படும் மந்திர இடங்களையோ செலவிடுகிறார், ஏவி முடிக்கும்வரை காத்திருக்கிறார், மெல்லிய அங்கியோடு களத்தில் நிற்கிறார். இந்த விலைகளில் ஏதோ ஒன்று வசூலாகாமல் போகும்போது தராசு சாய்கிறது. எனவே கீழ்க்காணும் ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் தேட வேண்டியது எந்த விலை வசூலாகவில்லை என்பதையே. சேத எண்ணைத் தொடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

எண்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். இது தேவையற்ற எச்சரிக்கை அன்று. 1987இல் வெளிவந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியில் கதாபாத்திரத்தின் அறிவுத்திறன் எண் மந்திரத்தின் சேதத்தோடு இணைக்கப்படவே இல்லை. அதே விளையாட்டில், குறிப்பிட்ட வகை எதிரிகளை மிகுதியாகக் காயப்படுத்த வேண்டிய வாள்களின் சிறப்புத் தன்மையும் செயல்படவில்லை. இரண்டும் நிரலில் இருந்த பிழைகள். இத்தகைய பிழை உங்கள் விளையாட்டிலும் இருந்தால், அதன்மேல் எவ்வளவு கவனமாகச் சமநிலை கட்டினாலும் பயனில்லை. அறிவுத்திறன் மிகக் குறைந்த ஒரு மந்திரவாதியையும் மிக உயர்ந்த ஒருவரையும் உருவாக்கி, அசையாத பொம்மை எதிரியின்மேல் ஒரே மந்திரத்தைப் பலமுறை ஏவச் செய்யுங்கள். சராசரி மாறவில்லை என்றால் கோளாறு வடிவமைப்பில் இல்லை, நிரலில் இருக்கிறது. வாளுக்கும் வலிமை எண்ணுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

அடுத்து, ஒரு வீச்சின் சேதத்தையும் ஒரு மந்திரத்தின் சேதத்தையும் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். முழுச் சண்டையை அளவுகோலாகக் கொண்டு, ஒவ்வொருவரும் மொத்தமாக விளைவித்த சேதம், உண்மையில் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தின் பங்கு, வாங்கிய அடி, சண்டை முடிந்தபோது கையில் மிஞ்சியிருந்த வளம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தொடக்கம், நடுப்பகுதி, முடிவு என மூன்று லெவல்களிலும் (கதாபாத்திரத்தின் வளர்ச்சிப் படிகளிலும்), தனியொரு பெரிய எதிரி, நெருங்கி நிற்கும் சிறு கூட்டம், சிதறி நிற்கும் வில்லாளிகள் என மூன்று வகைச் சண்டைகளிலும் செய்ய வேண்டும். இந்த அட்டவணை இல்லாமல் பேசப்படும் சமநிலை வெறும் அபிப்பிராயமாகவே நிற்கும்.

அறிகுறி: ஒவ்வொரு சண்டையிலும் மந்திரவாதி தன் மிகப் பெரிய மந்திரத்தோடு தொடங்குகிறார்

மிகப் பரவலாகக் காணப்படும் கோளாறு இதுதான். ஆழமாகப் பார்க்க வேண்டியதும் இதுவே. ஒரு நாளுக்கு இத்தனை மந்திரம் என்ற கட்டுப்பாடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டிலிருந்து வீடியோ விளையாட்டுகளுக்கு வந்தது. அந்தக் கட்டுப்பாட்டின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று விளங்கும்.

அதன் 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில், 5ஆம் லெவல் வீரர் ஒருவர் இருகைப் பெருவாளால் ஒரு சுற்றில் இரண்டு முறை வீசுகிறார். வலிமை எண் 18 என்றால் ஒரு வீச்சின் சராசரி 11, இரண்டும் பட்டால் 22. நூற்றுக்கு 65 வாய்ப்பில் பட்டால், சுற்றுக்கு ஏறத்தாழ 14.3. அதே லெவலில் மந்திரவாதி ஏவும் ஃபயர்பால் எட்டு ஆறுமுகப் பகடைகள், அதாவது சராசரி 28. நான்கு எதிரிகள் நெருப்புக்குள் சிக்கி, அவர்களில் இருவர் தாங்கிப் பாதி சேதத்தோடு தப்பினால் மொத்தம் 84. பார்த்தவுடன் வீரர் தோற்றுவிட்டார் என்றே தோன்றும். ஆனால் அந்த லெவலில் ஃபயர்பாலுக்குத் தேவையான மூன்றாம் படி மந்திர இடங்கள் இரண்டே. அவை தீர்ந்தபின் மந்திரவாதி செலவில்லாமல் ஏவும் ஃபயர்போல்ட், அதே 65 வாய்ப்பில், சுற்றுக்கு ஏறத்தாழ 7.15தான் தரும்.

இப்போது ஓய்வுக்கு முன் ஆறு சண்டைகள், சண்டைக்கு நான்கு சுற்றுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீரரின் மொத்தம் ஏறத்தாழ 343. மந்திரவாதிக்கு இரண்டு ஃபயர்பால்களில் 168, எஞ்சிய 22 சுற்றுகளில் 157, ஆக 325. சிறு மந்திரங்களையும் வீரரின் சிறப்புத் திறன்களையும் இரு பக்கமும் ஒதுக்கிவிட்டுப் போட்ட தோராயக் கணக்கு என்றாலும், இருவரும் எவ்வளவு அருகில் வந்து நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்து, ஒரே ஒரு சண்டைக்குப்பின் ஓய்வு கிடைத்துவிடுகிறது என்று மாற்றிப் பாருங்கள். வீரர் 57; மந்திரவாதி 182. எந்த எண்ணையும் தொடாமலே மும்மடங்குக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. ஃபயர்பாலைக் குறைத்து இதைச் சரிசெய்ய முயன்றால், நேர்மையாக ஆறு சண்டைகள் தாக்குப்பிடிக்கும் மந்திரவாதியைத் தண்டித்ததாக ஆகும்.

ஆகவே இங்கே வசூலாகாத விலை ஓய்வின் விலை. அதைச் சோதிக்கும் வழி எளிது: உங்கள் சோதனையாளர்கள் இரண்டு ஓய்வுகளுக்கு இடையே சராசரியாக எத்தனை சண்டை போடுகிறார்கள் என்று பதிவு செய்யுங்கள். அது நீங்கள் மனத்தில் வைத்திருந்த எண்ணில் பாதிக்கும் கீழே இருந்தால் மருந்து ஓய்வுக்குத்தான், மந்திரத்துக்கு அன்று.

ஓய்வுக்கு விலை வைப்பதில் விளையாட்டுகள் வெவ்வேறு வழிகளை முயன்றுள்ளன. 2011இன் டார்க் சோல்ஸில் ஒவ்வொரு மந்திரத்தையும் இத்தனை முறைதான் ஏவலாம். நெருப்பருகே இளைப்பாறினால் அவை நிரம்பும், ஆனால் கொன்ற சாதாரண எதிரிகள் அனைவரும் எழுந்துவிடுவார்கள். கடந்து வந்த வழியையே விலையாகக் கேட்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன், ஏனெனில் விலை எங்கே, எப்போது செலுத்தப்படுகிறது என்பது ஆடுபவரின் கண்முன் நிற்கிறது. 2015இன் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி, ஓய்வெடுக்கத் தேவையான முகாம் பொருள்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் சுமக்க விடாமல் தடுத்தது. 2023இன் பால்டர்ஸ் கேட் 3 நீண்ட ஓய்வுக்குச் சாதாரண நிலையில் 40 முகாம் உணவுப் புள்ளிகளையும் கடினமான டாக்டீஷியன் நிலையில் 80 புள்ளிகளையும் கேட்கிறது. ஆயினும் பெட்டிகளையும் பீப்பாய்களையும் திறந்து பார்த்துக்கொண்டே போகும் ஒருவருக்கு உணவு குவிந்துவிடுவதால் அந்த விலை நாளடைவில் உறைக்காமல் போகிறது. விலை வைத்தால் மட்டும் போதாது, அந்த விலைப்பொருள் எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஓய்வுக்கு விலை வைக்க உங்கள் கதையோ உலகமோ இடம்தரவில்லை என்றால், நாள் கணக்கை விட்டுச் சண்டைக் கணக்குக்கு மாறிவிடுவதே நல்லது. பில்லர்ஸின் இரண்டாம் பாகம் 2018இல் அப்படித்தான் மாறியது. அப்போது ஒவ்வொரு மந்திரத்தின் எடையையும் ஒரே சண்டைக்குள் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்; பழைய எண்களை அப்படியே கொண்டுவந்தால் மேலே கண்ட மும்மடங்கு இடைவெளி நிரந்தரமாகிவிடும்.

அறிகுறி: மானா நிறைய இருந்தும் ஆடுபவர் மந்திரத்தைத் தொடுவதே இல்லை

இது முந்தைய கோளாறின் மறுபக்கம், விலை மிகைப்பட்டுவிட்டது. 1999இன் ஃபைனல் ஃபேன்டஸி VIIIஇல் மந்திரங்களைச் சேகரித்து உடல்திறன் எண்களோடு பிணைத்துக்கொள்ளலாம்; பிணைத்த மந்திரத்தை ஏவினால் கையிருப்புக் குறைந்து அந்தத் திறனும் இறங்கும். பலரும் மந்திரங்களைப் பூட்டி வைத்துவிட்டு வேறு வழிகளில் சண்டை போட்டதில் வியப்பில்லை. செலவு நிரந்தர இழப்பாகத் தோன்றும் இடத்தில் மனிதர் செலவு செய்வதில்லை. அந்தச் செலவை அந்தச் சண்டையோடு முடிந்துபோவதாக மாற்றினாலே கோளாறு பெரும்பாலும் நீங்கிவிடும்.

அறிகுறி: தொடக்கத்தில் மந்திரவாதி ஒரே அடியில் வீழ்கிறார், இறுதியில் வீரர் வேடிக்கை பார்க்கிறார்

1998இன் பால்டர்ஸ் கேட்டில் முதல் லெவல் மந்திரவாதிக்கு மிகச் சில உயிர்ப்புள்ளிகளும், தனித்துறை தேர்ந்திராவிட்டால், ஒரே ஒரு மந்திரமுமே சொத்து. அதை ஏவிவிட்டால் கவண் வீசிக்கொண்டு வீரரின் முதுகுக்குப்பின் நிற்க வேண்டியதுதான். அதன் தொடர்ச்சியான 2000ஆம் ஆண்டின் விளையாட்டில், அதே மந்திரவாதி காலத்தையே நிறுத்திவைத்து, மற்ற அனைவரும் உறைந்து நிற்கும்போது தான் மட்டும் அடுத்தடுத்துச் செயல்படுகிறார். தொடக்கத்தில் பட்ட துன்பத்துக்கு இறுதியில் கிடைக்கும் வலிமை ஈடு என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அறுபது மணி நேர விளையாட்டில் முதல் இருபது மணி நேரம் ஒருவரும் கடைசி இருபது மணி நேரம் இன்னொருவரும் பயனற்று நிற்பது சமநிலை ஆகாது; இரண்டு கோளாறுகளின் கூட்டுத்தொகை அது.

காரணத்தை வளர்ச்சியின் வடிவத்தில் தேடுங்கள். வீரர் லெவல் ஏறும்போது பெரும்பாலும் ஒரே திசையில், அதாவது வீச்சின் சேதத்தில் வளர்கிறார். மந்திரவாதி ஒரே நேரத்தில் பல திசைகளில் வளர்கிறார்: மந்திரத்தின் சேதம் கூடுகிறது, ஏவக்கூடிய தடவை கூடுகிறது, ஒரே மந்திரத்தில் சிக்கும் எதிரிகளின் எண்ணிக்கை கூடுகிறது, கூடவே பறத்தல், மறைதல், எதிரியை முடக்குதல் என்று வகைகளும் கூடுகின்றன. இவை ஒன்றையொன்று பெருக்கும். ஒவ்வொரு திசையிலும் இருமடங்கு வளர்ந்தால் மூன்று திசைகளில் எட்டு மடங்கு. வீரரின் ஒற்றைத் திசை வளர்ச்சியை எவ்வளவு செங்குத்தாக்கினாலும் ஏதோ ஒரு லெவலில் பெருக்கல் அதை முந்திவிடும். முந்தும் லெவலைத் தள்ளிப்போடத்தான் முடியும்.

சரிசெய்ய இரு முனைகளிலும் வேலை செய்ய வேண்டும். தொடக்கத்தில் மந்திரவாதிக்குச் செலவில்லாத சிறு மந்திரம் ஒன்றைக் கொடுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு இவ்வாறு கொடுத்து, அதன் வலிமை 5, 11, 17ஆம் லெவல்களில் உயரும்படியும் செய்தது. இறுதியில் மந்திரவாதியின் தனித்தனி மந்திரங்களைப் பலவீனப்படுத்துவதைவிட, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைத் தடுங்கள். அதே பதிப்பில், மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டிய மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஒருவர் நீடிக்க வைக்க முடியும். அடிபட்டால் அதுவும் அறுந்துபோகலாம். இந்த ஒரே விதி, பத்து மந்திரங்களின் எண்களைக் குறைப்பதைவிட அதிகம் சாதிக்கிறது, ஏனெனில் பெருக்கலில் ஒரு காரணியையே அது எடுத்துவிடுகிறது.

வீரருக்கும் புதிய திசைகள் வேண்டும். அரைவட்டமாக வீசிப் பலரைத் தாக்குவது, கேடயத்தால் இடித்து எதிரி ஏவிக்கொண்டிருக்கும் மந்திரத்தைக் கலைப்பது, தன்னைத் தாண்டிச் செல்லும் எதிரியை நிறுத்துவது, கோட்டைக் கதவைப் பெயர்ப்பது போன்றவை சேதப் பட்டியலில் தெரியாவிட்டாலும் களத்தில் அவருக்கு இடம் உண்டாக்கும். ஆனால் இதில் எல்லை மீறவும் வாய்ப்புண்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்பு எல்லா வகுப்பினருக்கும் எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை என்ற ஒரே சட்டகத்தைக் கொடுத்தது. இடைவெளி வெகுவாகக் குறைந்தது. அதேவேளை வீரரும் மந்திரவாதியும் ஒன்றுபோலவே ஆகிவிட்டார்கள் என்ற அதிருப்தியும் பரவலாக எழுந்தது. விலைகள் வேறுபட்டே இருக்க வேண்டும், அவற்றின் கனம் மட்டும் ஒத்திருந்தால் போதும்.

அறிகுறி: நடுப்பகுதிக்குப் பிறகு நெருப்பும் மின்னலும் எதிரிக்கு உறைப்பதில்லை

ஸ்கைரிம், 2011. இந்தக் கோளாற்றுக்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. அதில் ஒற்றைக் கை ஆயுதத் திறன் உயர உயர ஆயுதத்தின் சேதமும் உயர்கிறது. ஆர்ம்ஸ்மேன் என்னும் பெர்க்கின் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறனின்) ஐந்து படிகளையும் எடுத்தால் இருமடங்காகிறது. கொல்லுப்பட்டறையில் ஆயுதத்தை மெருகேற்றலாம். சூனிய மேசையில் கூடுதல் தன்மையும் ஏற்றலாம். அழிவு மந்திரத்துக்கோ அடிப்படைச் சேதம் மாறுவதில்லை. ஃபயர்போல்ட் எந்தத் திறன் நிலையிலும் 25, இன்சினரேட் 60. திறன் உயர்ந்தால் மானாச் செலவுதான் குறைகிறது. பெர்க்குகள் அதிகபட்சமாகப் பாதி மடங்கைக் கூட்டுகின்றன. எதிரிகளின் உயிர்ப்புள்ளிகளோ ஆடுபவரின் லெவலோடு ஏறிக்கொண்டே போகின்றன.

ஆடுபவர்கள் இதற்குக் கண்டுபிடித்த மாற்றுவழிதான் இன்னும் கவனிக்கத்தக்கது. சூனியத் திறன் 100ஐ எட்டியவர் தலை, உடல், மோதிரம், கழுத்தணி ஆகிய நான்கிலும் அழிவு மந்திரச் செலவை 25 விழுக்காடு வீதம் குறைக்கும் தன்மையை ஏற்றினால் மானாச் செலவு பூஜ்யமாகிவிடும். அதோடு இரு கைகளாலும் சேர்த்து ஏவினால் எதிரியைத் தடுமாற வைக்கும் இம்பேக்ட் பெர்க்கும் இருந்தால், எதிரி ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாமல் மெதுவாகச் சாவார். சேதம் குறைவு, விலை பூஜ்யம், ஆபத்தும் பூஜ்யம். மந்திரம் பலவீனமாகவும் அதே சமயம் வெல்ல முடியாததாகவும் ஒரே விளையாட்டில் இருந்தது. இரண்டு புகார்களும் உண்மையாக இருந்தன. சேதத்தை மட்டும் உயர்த்தி மாட் எழுதினால் இரண்டாம் புகார் பன்மடங்காகும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

எனவே வரிசை முக்கியம். முதலில் செலவுக் குறைப்புக்கு மேல்வரம்பு வையுங்கள். பூஜ்யத்தை எட்ட முடியாதபடி, எவ்வளவு அடுக்கினாலும் அடிப்படைச் செலவில் ஒரு பங்கு எஞ்சட்டும். பிறகு தடுமாற்றத்துக்குக் காலவரம்பு வையுங்கள். அவை இரண்டும் நிலைத்தபின் மட்டுமே மந்திரச் சேதத்தைத் திறன் எண்ணோடு இணைத்து, ஆயுதம் எத்தனை இடங்களிலிருந்து பெருக்கம் பெறுகிறதோ அத்தனைக்கு ஈடாக உயர்த்துங்கள்.

எல்லாத் திறன்களின் சேதத்தையும் ஆயுதத்தின் சேதத்திலிருந்தே கணக்கிடும் வழியும் உண்டு. 2012இன் டயாப்லோ III அதைச் செய்தது. மந்திரமும் வாளும் ஒரே ஏணியில் ஏறுவதால் ஒன்று பின்தங்கும் பேச்சே எழாது. ஆனால் மந்திரவாதி தான் ஒருபோதும் வீசப்போகாத ஆயுதத்தை அதன் எண்ணுக்காக மட்டும் சுமக்க வேண்டியிருக்கும். வேகமாகப் பொருள் குவிக்கும் விளையாட்டில் அது பொருந்துகிறது. கதாபாத்திரத்தின் உருவும் தோரணையும் முக்கியமாக உள்ள விளையாட்டில் எனக்கு அது உவப்பானதாக இல்லை.

அறிகுறி: எதிரி ஒருமுறைகூடத் திருப்பி அடிக்கவில்லை

தூங்க வைத்தல், உறைய வைத்தல், ஸ்தம்பிக்க வைத்தல் ஆகியவை தொடர்ந்து விழும்போது சேதம் எவ்வளவு என்பதற்கே பொருளில்லை. ஒரே வகை முடக்கம் மீண்டும் விழும்போது அதன் நேரம் குறைந்துகொண்டே போகும்படி செய்யுங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுபவர்களுக்கு இடையிலான சண்டைகளில் முதல் முறை முழு நேரம், அடுத்து பாதி, அடுத்து கால், பிறகு விலக்கு என்ற ஏற்பாட்டைக் கையாண்டது. பெரிய பாஸ்களுக்கு (தலைமை எதிரிகளுக்கு) முழு விலக்கு அளிப்பது சுலபம், ஆனால் அது முடக்குதலையே தொழிலாகக் கொண்ட மந்திரவாதியை மிக முக்கியமான சண்டையில் வெறுங்கையோடு நிறுத்திவிடும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முடக்கங்களைப் பாஸ் உதறித்தள்ளலாம், அந்தக் கையிருப்பு தீர்ந்தபின் முடக்கம் பலிக்கும் என்பது நியாயமான ஏற்பாடு.

அறிகுறி: கணக்கில் வாள் வெல்கிறது, களத்தில் தோற்கிறது

அட்டவணையின் இரண்டாம் எண்ணைப் பாருங்கள், அதாவது உண்மையில் தாக்கிக்கொண்டிருந்த நேரம். நொடிக்கு 100 சேதம் தரும் வாள், சண்டையின் பாதி நேரம் ஓடுவதிலும் விலகுவதிலும் கழிந்தால், நொடிக்கு 50 தரும் வாள்தான். எதிரிகள் மேடையில் ஏறி நிற்கும் வில்லாளிகளாக இருந்தால், பாஸ் அடிக்கடி பறந்து விலகினால், தரையில் நெருப்பு பரவிக்கொண்டிருந்தால், இழப்பு முழுவதும் அருகிலிருந்து போரிடுபவருக்கே. இந்தக் கோளாறு வீரரிடம் இல்லை. களத்தை வடிவமைத்தவரிடமும் எதிரியின் நடத்தையை எழுதியவரிடமும் இருக்கிறது. ஆகவே ஆயுதச் சேதத்தைக் கூட்டுவதற்கு முன், பாய்ந்து நெருங்கும் திறன் ஒன்றை வீரருக்குத் தொடக்கத்திலேயே கொடுங்கள், மேடைகளுக்கு இரண்டாவது வழி அமையுங்கள், பாஸ் பறந்து திரும்பியதும் சற்று மூச்சு வாங்கும் இடைவெளி விடுங்கள்.

மறுபக்கம், தொலைவு மந்திரவாதிக்கு இலவசமாகக் கிடைக்கக் கூடாது. 2012இன் டிராகன்ஸ் டாக்மாவில் பெரிய மந்திரங்களை ஏவி முடிக்க நீண்ட நேரமாகும். அதுவரை மந்திரவாதியைத் துணைவர்கள் காக்க வேண்டும், அடிபட்டால் ஏவல் கலையும். வானத்திலிருந்து விழும் பாறைகளின் சேதம் அளவற்றதாக இருந்தும் அங்கே யாருக்கும் அநியாயமாகத் தோன்றாததற்குக் காரணம், அந்த நீண்ட காத்திருப்பு எல்லார் கண்ணிலும் படுகிறது என்பதே. 2022இன் எல்டன் ரிங்கில் பல எதிரிகள் மந்திரம் ஏவப்பட்டவுடன் உருண்டு விலகுகின்றனர். அது ஓரளவு பயன்படும் ஏற்பாடு, ஆனால் எதிரி கண்ணால் பார்த்து விலகுகிறார் என்றில்லாமல் பொத்தானை அழுத்தியவுடனே விலகுகிறார் என்ற உணர்வு வந்துவிட்டால் ஆடுபவர் அதை ஏமாற்று என்றே கொள்வார். விலகுதலுக்கு முன் சிறு தாமதம் அவசியம்.

இதே தலைப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தவறிய வீச்சின் மதிப்பு. வாள் தவறினால் பூஜ்யம்; பரவும் மந்திரத்தைத் தாங்கிய எதிரிக்கும் பாதி சேதம். சராசரி சமமாக இருந்தாலும், வெறுமையாகக் கழிந்த சுற்றுகள்தான் ஆடுபவர் நினைவில் தங்கும். தவறிய வீச்சும் எதிரியின் நிலைகுலைவு அளவை ஓரளவு உயர்த்தும் என்று வைத்தால் இந்த மனக்குறை நீங்கும்.

அறிகுறி: வாளும் மந்திரமும் கலந்த குழு, தனித்த குழுவைவிட மோசமாகப் போரிடுகிறது

2017இன் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2இல் ஒவ்வோர் எதிரிக்கும் உடற்கவசம், மந்திரக் கவசம் என இரு தடுப்புகள் உண்டு. வாளும் அம்பும் முதலாவதை மட்டும், நெருப்பும் மின்னலும் இரண்டாவதை மட்டும் குறைக்கும். ஒரு கவசம் தீர்ந்தபின்தான் அதற்குரிய முடக்கங்கள் பலிக்கும். மிகத் தெளிவான, எளிதில் புரியும் விதி. ஆனால் நால்வரில் இருவர் வாளும் இருவர் மந்திரமும் எடுத்தால் ஒரே எதிரியின் இரு கவசங்களையும் பாதி பாதியாகக் கரைத்துக்கொண்டிருப்பார்கள், நால்வரும் ஒரே பக்கம் நின்றால் ஒரு கவசம் சட்டென்று உடையும். இரு வழிகளையும் சமமாக்க எழுதிய விதி, இரண்டும் கூடி வேலை செய்வதற்குத் தண்டனையாக மாறிவிட்டது. ஒரு கவசம் உடைந்தால் மற்றதும் ஓரளவு நலியும்படியோ, உடைந்த பக்கத்துச் சேதத்தில் ஒரு பகுதி மறுபக்கம் கசியும்படியோ செய்வதே இதற்கான மருந்து.

தனியொரு கதாபாத்திரத்துக்குள் இரண்டையும் கலப்பது வேறு சிக்கல். புள்ளிகளை வலிமைக்கும் அறிவுக்கும் பிரித்தவர் இரண்டிலும் பின்தங்குவது இயல்பு. அவருக்கு ஈடாக, இரண்டையும் சேர்த்தால் மட்டும் கிடைக்கும் ஏதேனும் ஒன்று வேண்டும். எச்சரிக்கையாகக் கொடுங்கள். 2009இன் டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் ஆர்கேன் வாரியர் என்னும் சிறப்புநிலை, கனத்த கவசமும் ஆயுதமும் ஏந்த வலிமைக்குப் பதில் மந்திர எண்ணையே தகுதியாக ஏற்றது. மெல்லிய அங்கி என்ற விலை அத்தோடு போயிற்று; அந்த மந்திரவாதியை வீழ்த்துவது எதிரிகளுக்குப் பெரும்பாடாயிற்று.

அறிகுறி: பாஸ் சில நொடிகளில் மறைந்துபோகிறார்

ஏறக்குறைய எப்போதும் இது பெருக்கல் பிழைதான். ஐந்து இடங்களிலிருந்து 30 விழுக்காடு வீதம் கூடுதல் கிடைத்து, அவை ஒன்றாகக் கூட்டப்பட்டால் மொத்தம் 2.5 மடங்கு. அவையே ஒன்றையொன்று பெருக்கினால் 3.7 மடங்கு. எந்தக் கூடுதல் எந்தத் தொகுப்பில் சேர்கிறது என்ற பட்டியல் உங்களிடம் எழுத்தில் இல்லையென்றால் இன்றே எழுதுங்கள். அதோடு, விலையை முழுவதும் நீக்கும் பொருள்களைத் தனியே தேடுங்கள். எல்டன் ரிங்கில் அறிவுத்திறன் 60 கேட்கும் காமெட் அசூர் தொடர்ந்து மானாவைக் குடிக்கும் மந்திரம். சிறிது நேரத்துக்குச் செலவையே நிறுத்தும் செருலியன் மறைநீரை அருந்திவிட்டு அதை ஏவினால், அசையாமல் நிற்கும் பாஸ் கரைந்துபோவார். தொடர்ந்து ஏவப்படும் மந்திரங்களுக்கு மட்டும் அந்த விலக்கைப் பாதியாக்கினாலும் போதும், இரண்டையும் விளையாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

திருத்தியபின்

ஒரு நேரத்தில் ஒரே விலையை மட்டும் மாற்றி, தொடக்கத்தில் எடுத்த அதே அட்டவணையை அதே மூன்று லெவல்களிலும் அதே மூன்று வகைச் சண்டைகளிலும் மறுபடி எடுங்கள். புகார் வந்த சண்டையில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துவது கூடாது. ஓய்வின் விலையை உயர்த்தியவர் தொடக்க லெவல்களில் குணப்படுத்தும் மந்திரம் தீர்ந்து குழு முழுவதும் சிக்கிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும், முடக்கத்துக்கு வரம்பு வைத்தவர் தனியாக ஆடும் மந்திரவாதி கூட்டத்துக்கு நடுவே பிழைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வெளிவந்துவிட்ட விளையாட்டில் ஒருவரின் பில்டை, அதாவது அவர் தேர்ந்து அமைத்த திறன்களின் தொகுப்பை, பலவீனமாக்கும் பேட்ச் (திருத்த வெளியீடு) வருமானால், அதனுடனே அவர் புள்ளிகளைச் செலவில்லாமல் மாற்றியமைக்கும் வாய்ப்பையும் கொடுங்கள். நாற்பது மணி நேரம் வளர்த்த கதாபாத்திரத்தை ஆடுபவர் அப்போதுதான் தொடர்ந்து ஆட முடியும்.